ஏசி அறையில் வைத்த மின்காட்டி

எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு ஆறு ஜன்னல்கள். ஆறும் கடலோடு ஒட்டிய உப்பேரியான களப்பைப் பார்த்தவை. கட்டியவர் காற்றோட்டத்தில் ஆசை உள்ள மனிதராக இருந்திருக்க வேண்டும். காற்றோடு வேறென்ன வரும் என்று அவர் யோசிக்கவில்லை. கற்பிட்டிப் பக்கம் காற்றோடு உப்பு வரும். காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலை வைத்து நாக்கில் தொட்டால் கரிக்கும். இரும்புத் தாங்கிகள் எல்லாம் துருப்பிடித்து, பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையில் கறை வைத்துவிட்டு நிற்கும். அந்தக் கறைக்குத் தாய்மாரிடம் ஏச்சு வாங்குவதும் பௌதிகவியல் டீச்சர்தான், அதாவது நான்.

இப்படிப்பட்ட இடத்துக்கு யாரோ ஒரு காலத்தில் பொன்னிலை மின்காட்டி ஒன்றை அனுப்பியிருந்தார்கள். சின்ன மரப்பெட்டி. முன்னும் பின்னும் கண்ணாடி. மேலே ஒரு பித்தளைத் தட்டு. தட்டிலிருந்து ஒரு கம்பி பெட்டிக்குள் இறங்கும். கம்பியின் அடியில் மெல்லிய பொன் இலை ஒன்று கம்பியோடு ஒட்டியபடி தொங்கும். மின்னேற்றம் உள்ள ஒன்று தட்டைத் தொட்டாலோ, தொடாமல் கிட்ட வந்தாலோ கூட, கம்பியும் இலையும் ஒரே வகை ஏற்றத்தைப் பெற்று ஒன்றையொன்று தள்ளும். இலை விரியும். ஏற்றம் போனால் விழும். பற்றரி இல்லை, வயர் இல்லை, பழுதாக ஒரு சுவிட்ச் கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் அது ஒளிக்காமல் சொல்லும்.

ஆனால் தட்டில் உள்ள ஏற்றம் ஒழுகிப் போகாமல் இருக்க வேண்டும். கம்பி பெட்டிக்குள் இறங்கும் இடத்தில் அதற்காக மின்சாரம் கடத்தாத ஒரு காவலி அடைப்பு வைத்திருப்பார்கள். அந்த அடைப்பில் உப்பும் ஈரமும் படிந்தால் ஏற்றம் அதன் வழியே ஓடிவிடும். எங்கள் ஆய்வுகூடத்தில் இலை விரிந்து, நான் “பிள்ளைகள், பாருங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் விழுந்துவிடும். பொன் இலையும் எப்போதோ கிழிந்து போயிருந்தது. சொக்லட் சுற்றிவரும் மினுக்குத் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, பின்னால் உள்ள கடதாசியை உரித்து, மிச்சமான மெல்லிய தகட்டை வெட்டி நான்தான் ஒட்டினேன். பெயர் பொன்னிலை, உள்ளே சொக்லட் தாள். பிள்ளைகளிடம் அதை நான் சொல்லவில்லை.

நான் புத்தளம் நகரத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். எங்கள் குடும்பம் மன்னாரில் இருந்து தொண்ணூறில், வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய வருடத்தில், வெளியே வந்தபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேன். எனக்கு முன்கோபம். இது மற்றவர்கள் சொல்லும் குறை இல்லை, நானே ஒப்புக்கொள்வது. கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வரும். என் கணவர் அதைப் பழகிக்கொண்டார். பழகாதவர்களுக்குத்தான் கஷ்டம்.

ஆய்வுகூட உதவியாளராக ஒரு ராத்தா இருந்தார். ஊர் எத்தாளை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் ராத்தா என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் குடுவை, குழாய், நிறுக்கிற தராசு என்று எது எந்த அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். அவருடைய ஒரே வருத்தம் தூசு. வந்ததும் துடைப்பார், போகும்போது துடைப்பார். உப்பை எதிர்த்து அவர் நடத்திய சண்டையில் ஒரு நாளும் வென்றதில்லை, ஒரு நாளும் விட்டதும் இல்லை.

அவருடைய மூத்த மகள் அந்த வருடம் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரத்தில் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தாள். எங்கள் பாடசாலையில் அப்படி எடுத்தவள் அவள் ஒருத்திதான். பரீட்சை முடிந்த கையோடு என்னிடம் அடுத்த கட்டமான உயர்தரத்தின் பௌதிகவியல் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதில் விளங்காத இடங்களை ஒரு துண்டில் எழுதித் தாயிடம் கொடுத்தனுப்புவாள். ராத்தா அதை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, நான் தேத்தண்ணி குடிக்கும் நேரம் பார்த்து நீட்டுவார். சில கேள்விகளுக்கு நானே வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டியிருந்தது.

பிரச்சினை என்னவென்றால் எங்களிடம் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும்தான். விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் புத்தளம் போக வேண்டும். ராத்தாவின் கணவர் தோட்டக்காரர், வெங்காயமும் மிளகாயும் போடுகிறவர். மகள் படிப்பது அவருக்கு விருப்பம்தான். ஆனால் பின்னேர வகுப்பு முடிந்து பஸ் பிடித்தால் பிள்ளை வீடு வந்து சேர மஃரிபுத் தொழுகை நேரமும் தாண்டி இருட்டிவிடும், அதற்குத் தான் சம்மதிக்க மாட்டேன் என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். என் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று நானே போய்க் கேட்டேன். மரியாதையாக இளநீர் வெட்டித் தந்து, மரியாதையாகவே மறுத்துவிட்டார். இந்தப் பாடசாலையில் விஞ்ஞானம் வந்தால் படிக்கட்டும், வராவிட்டால் வர்த்தகம் படிக்கட்டும். அதுதான் அவருடைய முடிவு.

அதிபர் விஞ்ஞானப் பிரிவு கேட்டு ஏற்கனவே விண்ணப்பம் போட்டிருந்தார். அதைத் தீர்மானிக்க மூன்று பேர் வந்து பார்ப்பார்கள் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. ஆசிரியர்கள் இருக்கிறார்களா, ஆய்வுகூடம் வேலை செய்கிறதா, உயர்தரப் பாடத்திட்டத்தில் ஒரு செய்முறையை அங்கேயே செய்து காட்ட முடியுமா என்று பார்ப்பார்களாம். எந்தச் செய்முறை என்பதை ஆசிரியரே தெரிவு செய்யலாம்.

இங்கேதான் என் முதல் பிழை. ஊசல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டியிருக்கலாம். நூலும் கல்லும் உப்புக்குப் பயப்படாது. ஆனால் ஊசலை எல்லாரும்தான் காட்டுவார்கள். களப்புக் கரையில் நிலைமின்னியல் செய்து காட்டினேன் என்று பெயர் எடுக்க எனக்கு ஆசை வந்துவிட்டது. பெருமைதான், வேறொன்றும் இல்லை.

வழி ஒன்றையும் கண்டுபிடித்திருந்தேன். எங்கள் கணினி அறையில் ஏசி உண்டு. கணினிகள் பழுதாகக் கூடாது என்று ஜன்னல்களை இறுக்கி மூடி, சப்பாத்தையெல்லாம் வெளியே கழற்றிவிட்டு உள்ளே போகச் சொல்வோம். மின்காட்டியை அங்கே கொண்டுபோய் இரண்டு நாள் வைத்தேன். ஏசி ஈரத்தை உறிஞ்சிவிட்டது. எபனைட் என்கிற கடின இறப்பர்க் கோலைக் கம்பளித் துணியில் தேய்த்துத் தட்டுக்குக் கிட்டப் பிடித்து, தட்டை விரலால் ஒரு தரம் தொட்டு, விரலை எடுத்துவிட்டுப் பிறகு கோலை எடுத்தேன். தூண்டலால் ஏற்றுவது என்று இதைத்தான் சொல்வோம். இலை விரிந்தது. விரிந்தபடியே நின்றது. நான் ஒரு வகுப்புக்குப் போய்ப் படிப்பித்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் நின்றுகொண்டிருந்தது. மாஷா அல்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற ராத்தா, இது நின்றால் பிள்ளைக்குப் பாடம் வந்துவிடுமா என்று கேட்டார். வரும் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அந்தக் கிழமை முழுக்கத் தினமும் செய்து பார்த்தேன். ஒரு நாளும் பிசகவில்லை. ராத்தாவும் தினமும் வந்து கதவோரம் நின்று பார்ப்பார். எத்தனை நிமிடம் இலை நிற்கிறது என்று அவர்தான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்வார்.

குழு வருகிற நாளும் வந்தது. நான் வழமையாக நூற்சேலை கட்டுகிறவள். பஸ்ஸில் கசங்கிச் சுருங்கி, பாடசாலை வந்து சேரும்போது பார்க்கச் சகிக்காது. பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்கள் என்று அன்றைக்கு, கட்டாரில் இருக்கிற என் தங்கச்சி அனுப்பியிருந்த புது அபாயாவைப் போட்டுக்கொண்டேன். நீண்ட கறுப்பு அங்கி, வழுவழுவென்று, கை அகலமாக. எத்தனை மணித்தியாலம் பஸ்ஸில் இருந்தாலும் ஒரு சுருக்கம் விழாத துணி. ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

கணினி அறைக்குப் போனேன். மேசையில் மின்காட்டி தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தது. பித்தளைத் தட்டில் முகம் பார்க்கலாம். ராத்தாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முந்தின நாள் மத்தியானம் நான் பஸ்ஸுக்குப் போன பிறகு புளி போட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரில் கழுவி, வெயிலில் வைத்து எடுத்ததாக முகம் மலரச் சொன்னார். வீட்டுக்கு ஆள் வருவதென்றால் எங்கள் பெண்கள் குடம், செம்பு, தாம்பாளம் என்று இருக்கிற பித்தளையையெல்லாம் அப்படித்தான் மினுக்குவார்கள். அதே மாதிரிச் செய்திருக்கிறார். ஆனால் எங்கள் பாடசாலைக் கிணற்றுத் தண்ணீர் உவர். அந்தத் தண்ணீர் அடைப்பில் பட்டுக் காய்ந்தால் உப்புப் படியும், ஏற்றம் ஒழுகும். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். உங்களை யார் கழுவச் சொன்னது என்று கத்தினேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. சரி, ஒருக்கால் செய்து பார்ப்போம் என்று கோலைக் கையில் எடுக்கும்போதே அதிபர் குழுவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள்.

இரண்டு ஆண்கள், ஒரு பெண். மூத்தவர் ஓய்வுபெறக் கிட்டிய வயது, நிதானமான மனிதர். கதிரைகளைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்தார்கள். அதிபர் ஒரு பக்கம். கதவோரம் ராத்தா. நான் ஸலாம் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். கோலைத் தேய்த்தேன். தட்டுக்குக் கிட்டப் பிடித்தேன். விரலால் தொட்டேன். விரலை எடுத்தேன், கோலை எடுத்தேன். இலை ஒரு தரம் ஆடிவிட்டு விழுந்தது.

சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் செய்வோம் என்றேன். விழுந்தது. மூன்றாவது தரமும் விழுந்தது. ஏசி அறையில் எனக்கு வேர்த்தது. என்ன நடக்க வேண்டும் என்பதையாவது படம் வரைந்து விளக்குவோம் என்று வெண்பலகைக்குப் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி கீறத் தொடங்கினேன், அவர்களும் பலகையைத்தான் பார்த்தார்கள். பிறகு திரும்பி வந்து மின்காட்டியின் மேல் குனிந்தேன். இலை கம்பியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. திரும்பவும் பலகைக்குப் போனேன், திரும்பவும் வந்தேன்.

அப்போதுதான் கதவோரத்தில் இருந்து ராத்தா சொன்னார்.

“டீச்சர், நீங்க பலகப் பக்கம் போகக்குள்ள இல விரியிது. கிட்ட வந்தா விழுது.”

மெல்லிய குரலில்தான் சொன்னார். ஆனால் அறையில் எல்லாருக்கும் கேட்டது. எனக்கு விசர் ஏறிவிட்டது. செய்ததையும் செய்துவிட்டு எனக்குப் பௌதிகவியல் படிப்பிக்க வருகிறாரே என்று தோன்றியது.

“ராத்தா, நீங்க கழுவினது காணும். இனி வாயையாவது மூடிக்கொண்டு நில்லுங்க” என்றேன்.

எல்லார் முன்னாலும். அவர் முந்தானையால் தலையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் குழுவிடம் திரும்பி, உதவியாளர் தெரியாத்தனமாக உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டார், அதனால் ஏற்றம் ஒழுகுகிறது என்று விளக்கம் சொன்னேன். காவலி, கசிவு, ஈரப்பதன் என்று நல்ல சொற்களாகவே போட்டுச் சொன்னேன். மூத்தவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஆய்வுகூடத்தைப் போய்ப் பார்த்தார்கள். துருப்பிடித்த தாங்கிகளைத் தொட்டுப் பார்த்தார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு கிழமைக்குள் பதில் வந்தது. செய்முறைகளை நடத்தும் அளவுக்கு உபகரணங்கள் நல்ல நிலையில் இல்லாதபடியால் இந்த வருடம் விஞ்ஞானப் பிரிவை அனுமதிக்க முடியாது, குறைகளைத் திருத்திவிட்டு அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். ராத்தாவின் மகள் வர்த்தகப் பிரிவில் சேர்ந்தாள். பௌதிகவியல் புத்தகம் தாயின் கையில் திரும்பி வந்தது. கேள்வித் துண்டு ஒன்றும் அதில் இல்லை. ராத்தா வழமை போல வந்தார், துடைத்தார், போனார். என்னோடு கதை குறைந்துவிட்டது. எனக்கு அவரில் கோபம் இருந்தது, ஓம், உண்மையைச் சொல்ல வேண்டும். அவருடைய சொந்தப் பிள்ளையின் படிப்பையே அவர் கழுவி ஊற்றிவிட்டார் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு தரம் சொல்லியும் இருக்கிறேன்.

ஒரு மாதத்துக்கு மேல் போயிருக்கும். பாடசாலையில் பரிசளிப்பு விழா. அதே அபாயாவை இரண்டாம் தரம் போட்டேன். விழாவுக்கு வாசிக்க வேண்டிய பெயர்ப்பட்டியலை அச்செடுக்கக் கணினி அறைக்குப் போனேன். ஏசி காலையில் இருந்தே ஓடிக்கொண்டிருந்தது. கதவுப் பிடியைத் தொட்டதும் விரலில் சுள்ளென்று ஒரு அடி. கையை உதறிக்கொண்டு உள்ளே போனேன். மின்காட்டி அன்றையில் இருந்து அங்கேயே, பிரின்டருக்குப் பக்கத்துத் தட்டில் கிடந்தது. யாரும் தொடவில்லை. நான் பிரின்டருக்குக் கிட்டப் போனேன். கண்ணாடிக்குள் இலை விரிந்தது.

யாரும் தேய்க்கவில்லை, யாரும் ஏற்றவில்லை. நான் அப்படியே நின்றேன். இரண்டு அடி பின்னால் வைத்தேன். விழுந்தது. முன்னால் வந்தேன். விரிந்தது. கையை நீட்டி அபாயாவின் அகலமான கையைத் தட்டுக்கு மேலாகக் கொண்டுபோனேன். நன்றாக விரிந்து நின்றது.

துணியில் இருந்தது ஏற்றம். வழுவழுப்பான செயற்கை நூல், உள்ளே பருத்திச் சட்டை, வறண்ட அறை. நடக்க நடக்க ஒன்றோடொன்று உரசி அபாயா முழுக்க மறை ஏற்றம், அதாவது நெகட்டிவ், ஏறியிருக்கிறது. எபனைட் கோலில் இருப்பதும் மறை ஏற்றம்தான். கோலை நான் எடுத்தாலும், எடுக்காத இன்னொரு கோல் என் உடம்பிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கோலால் ஏற்றிய மின்காட்டியில் தங்குவது எதிர்வகையான நேர் ஏற்றம்; நான் கிட்ட நிற்கும் வரைக்கும் அபாயா அதை இலையில் இருந்து மேலே தட்டுக்கு இழுத்து வைத்திருக்கும், இலை விரியாது. தள்ளிப் போனால்தான் விரியும். நூற்சேலையில் செய்து பார்த்த நாட்களில் இது நடக்கவில்லை, நடக்கவும் முடியாது.

அலுமாரியில் இருந்து கோலை எடுத்துச் செய்து பார்த்தேன். ஏற்றினேன், இலை விழுந்தது. வெண்பலகை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். விரிந்து நின்றது. கிட்ட வந்தேன், விழுந்தது. ராத்தா சொன்ன அதே வரிசை, ஒரு சொல் பிசகவில்லை. பிறகு கதவைப் பூட்டிவிட்டு அபாயாவைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, உள்ளே போட்டிருந்த பருத்திச் சட்டையோடு ஏற்றினேன். இலை நின்றது. பிரின்டர் பெயர்களை ஒவ்வொரு தாளாக அச்சடித்துத் தள்ளி முடித்த பிறகும் நின்றது. கழுவினதால் அந்த அடைப்புக்கு ஒரு கேடும் வரவில்லை. ராத்தா வெயிலில் நன்றாகக் காயவைத்திருக்கிறார். உண்மையில் முந்தியிருந்த பழைய அழுக்கும் போயிருக்கிறது.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பட்டத்தில் பௌதிகவியல் படித்தவள் நான். குழு வந்த அன்றைக்குக் காலையில் அபாயாவைத் தலையால் போடும்போது சடசடவென்று சத்தம் கேட்டதும் நினைவுக்கு வந்தது. கேட்டுக்கொண்டே போட்டிருக்கிறேன். பரிசளிப்பில் பெயர்களை வாசிக்கும்போது இரண்டு பெயரைத் தவறவிட்டேன்.

மறுநாள் அதிபரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலயத்துக்கு எழுதப் போகிறேன் என்றேன். உபகரணத்தில் பிழையில்லை, செய்து காட்டியவரில்தான் பிழை, திரும்ப வந்து பாருங்கள் என்று. இப்போது போய் எழுதினால் பாடசாலைக்குத்தான் அவமானம், அடுத்த வருடம் எப்படியும் கேட்கலாம்தானே என்றார் அவர். நான் எழுதினேன். கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். அதைப் பெரிய தைரியம் என்று நினைத்துக்கொண்டேன். பதில் கண்ணியமாக வந்தது: விளக்கத்துக்கு நன்றி, விண்ணப்பம் அடுத்த வருடம் கவனிக்கப்படும். அதாவது அடுத்த வருடம் சாதாரண தரம் முடித்து வரும் பிள்ளைகளுக்கு.

பதிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எத்தாளைக்குப் போனேன். ராத்தாவிடம் பாடசாலையில் வைத்துச் சொல்லியிருக்கலாம்தான். அவரை அவமானப்படுத்தியது ஆட்கள் முன்னால். தனியாகக் கூப்பிட்டுக் காதுக்குள் மன்னிப்புக் கேட்பது பொருந்தாது என்று பட்டது. வீட்டில் அவரும் மகளும் இருந்தார்கள். கணவர் தோட்டத்தில். குசினி வாசலில் இருந்து தாயும் மகளும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் கதைக்காமல் உரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார்கள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு மின்காட்டியைக் கெடுத்தது உங்கள் உம்மா இல்லை, நான் என்று மகளைப் பார்த்துத்தான் சொன்னேன். அபாயாவைப் பற்றிச் சொன்னேன். உம்மா கழுவினதால் ஒன்றும் நடக்கவில்லை, கழுவின பிறகு அது இன்னும் நல்லாக வேலை செய்கிறது என்றேன். வலயத்துப் பதிலையும் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு மடித்துத் திரும்பத் தந்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். அந்த நாள் தொட்டு நீங்கதான் கழுவிக் கெடுத்ததென்று என்னிடமும் வாப்பாவிடமும் நீங்களே சொன்னீங்களே, ஏன் என்று கேட்டாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. விளங்காத கணக்கைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

ராத்தா வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

“நான் கண்ணால கண்டன் மகள். டீச்சர் அங்கிட்டுப் போனா விரியிது, கிட்ட வந்தா விழுது. ரெண்டு தரம் கண்டன். ஆனா டீச்சர் கழுவினதாலதான் எண்டு சொன்னாங்க. படிச்சவங்க சொன்னா அதுதான் சரியா இரிக்கும், என்ட கண்ணுதான் பிழ எண்டு நெனச்சிட்டன்.”

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக வகுப்பில் நின்று சொல்லிக்கொண்டிருப்பவள் நான்: யார் சொன்னாலும் நம்பாதே, உபகரணம் என்ன காட்டுகிறது என்று பார், நான் சொன்னாலும் நம்பாதே. அந்த அறையில் அதைச் செய்தவர் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் நான் வாயை மூடச் சொன்னேன். மன்னிச்சிருங்க ராத்தா என்றேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, விடுங்க டீச்சர், அல்லாட நாட்டம் என்றார். அப்படி அவர் சொன்னது என்னை இன்னும் வதைத்தது. அது அல்லாஹ்வின் நாட்டமாக இருக்கலாம், ஆனால் வாய் என்னுடையது.

மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கண்ணீர் இல்லை. கடைசியில் என்னிடம்தான் கேட்டாள்.

“உம்மா சொன்ன நேரம் நீங்க ரெண்டு அடி தள்ளி நிண்டு பாத்திருந்தா, இல நிண்டிருக்குமா டீச்சர்?”

தேற்றுவதற்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். தாங்கிகள் துருப்பிடித்திருந்தன, அவர்கள் எப்படியும் மறுத்திருப்பார்கள் என்று ஒரு கதை என் நாக்கு நுனியில் நின்றது. அது ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை.

“நிண்டிருக்கும்” என்றேன்.

“அவங்க கண்டிருப்பாங்களா?”

“ஓம். கண்டிருப்பாங்க.”

அவள் தலையை ஆட்டினாள். தாய்க்கு முன்னால் கிடந்த வெங்காயத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, உம்மா நீங்க போய் டீச்சருக்குத் தேத்தண்ணி ஊத்துங்க, இத நான் உரிக்கிறன் என்றாள்.